பௌர்ணமிக்கு ரெண்டு அண்டா கம்மி

திருவண்ணாமலை,
நவம்பர் 9, ஞாயிறு.

அன்புள்ள ஜாஹிராவுக்கு,

உன் கணவன் ஜானி பாஷா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கு நான், மகன் சாகில், மருமகள் ரூபீனா, கடை, கடையில் வேலை செய்யும் வேடியப்பன் ஆகிய அனைவரும் நலம். கடைக் கம்ப்யூட்டர் நலமா என்பதில் அபிப்பிராய பேதம் உள்ளது, அதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கு நீயும், மகள் மெஹ்ஜபீனும், மாப்பிள்ளையும், மூன்று மாதப் பேரனும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். கனடாவில் குளிர் ஆரம்பித்துவிட்டதாக டிவியில் காட்டினார்கள். காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போக வேண்டாம்.

செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் மெஹ்ஜபீன் போனைத் தொட்டில் மேல் சாத்தி வைத்துவிடுகிறாள். எனக்குத் தெரிவது பேரனின் நெற்றியும் உங்கள் வீட்டுக் கூரையும்தான். நீ எங்கோ அடுப்படியிலிருந்து "ஏங்க, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கிறாய், கூடவே குக்கர் விசில் அடிக்கிறது. இந்தப் பக்கம் என் தோளுக்கு மேலே சாகிலும் ரூபீனாவும், சில நாள் வேடியப்பனும், எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை பேர் நடுவில் ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியிடம் என்னதான் பேச முடியும்? "அங்க மழையா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். ஐந்து மாதத்தில் உன் முகத்தை முழுசாக நான் பார்த்தது ரெண்டே தடவை. அதில் ஒன்று பேரன் காலால் போனை உதைத்ததால் கிடைத்தது.

உண்மையில் நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. நீ எப்போது வருகிறாய்? மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று ஜூன் மாதம் போனாய். இப்போது விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க மெஹ்ஜபீன் ஏதோ ஃபாரம் பார்த்துக்கொண்டிருப்பதாக சாகில் சொன்னான். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு இதை நேராகக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆகவே கம்ப்யூட்டர் சம்பந்தமான புகாரை முதலில் எழுதிவிட்டு, இதைக் கடைசியில் கேட்கிறேன். இப்போது படித்ததை மறந்துவிட்டு மேற்கொண்டு படிக்கவும்.

புகார் பின்வருமாறு. புகார் என்றால் ஆதியிலிருந்து எழுத வேண்டும் என்று வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் சொல்வார். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். 1999ஆம் வருஷம், ரெண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று ஊரே பயந்துகொண்டிருந்தபோது, நீ சாகிலை இடுப்பில் வைத்துக்கொண்டு சைக்கிள் கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனாய். ஃபாக்ஸ்ப்ரோ என்ற பாஷையைக் கற்றுக்கொண்டு வந்து, நம் வாடகைப் பாத்திரக் கடைக்கு ஒரு ப்ரோகிராம் எழுதினாய். எந்த அண்டா யாரிடம் போயிருக்கிறது, எந்தக் கரண்டி எப்போது திரும்பும், கடையில் மிச்சம் எத்தனை, எல்லாம் அது சொல்லும். நீலத் திரை, வெள்ளை எழுத்து. தமிழ் எழுத்து அதில் வராது என்பதால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்தாய். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் மூன்று முறை மாறியது, ப்ரோகிராம் மாறவில்லை. தேதியைத் தப்பாக அடித்தால் "கண்ணாடி போடுங்க" என்று சொல்லும். கரண்டி எண்ணிக்கை குறைந்து திரும்பினால் "மறுபடி எண்ணுங்க, கோபப்படாதீங்க" என்று சொல்லும். மதியம் கடையை மூட அதை நிறுத்தும்போது "சாப்டீங்களா" என்று கேட்கும். ஆமாம் என்றால் ஒன்று தட்ட வேண்டும், இல்லை என்றால் சைபர். ஒன்று தட்டினால் மூடிக்கொள்ளும். சைபர் தட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏனென்றால் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒன்றையே தட்டுவது என் வழக்கம். கேட்டவர் மனசு நோகக் கூடாது பார்.

நீ விமானம் ஏறிய பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் தினமும் கேட்டது அந்த நீலத் திரை மட்டும்தான். ரூபீனா நன்றாகவே சமைத்து டிபன் பாக்ஸில் போட்டு அனுப்புகிறாள், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பாடு வேறு, சாப்டீங்களா வேறு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் மாதம் கம்ப்யூட்டரிலிருந்து மாவு மில் சத்தம் வர ஆரம்பித்தது. காற்றாடி தேய்ந்துவிட்டதாம். காற்றாடியை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் வீட்டில் ரெண்டு இன்ஜினீயர்கள் பெங்களூர் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, டீக்கும் டீக்கும் நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும்போது, காற்றாடியோடு விஷயம் நிற்குமா?

"அப்பா, இந்தப் பாஷையில இப்போ யாருமே எழுதறதில்ல. பைத்தான்ல ரெண்டே நாள்ல எழுதித் தர்றேன்" என்றான் சாகில்.

"ரெண்டு நாள்ல எழுதிடுவாரு மாமா. ஆனா எங்க தப்பு இருக்குன்னு பௌர்ணமி கூட்டத்துல ஓடறப்பதான் தெரியும். நான் ரஸ்ட்ல எழுதறேன். அது எழுதறப்பவே தப்பைப் பிடிச்சுடும். தப்பு இருந்தா ஓடவே விடாது" என்றாள் ரூபீனா.

"எழுதவும் விடாது. நாலு வரி எழுதினா நாப்பது வரி திட்டும்."

"திட்டு வாங்கினாதான் சில பேருக்கு உறைக்கும்."

இது கம்ப்யூட்டர் பேச்சுதானா, வேறு பேச்சா என்று எனக்குப் புரியவில்லை. தப்பு செய்தால் திட்டித் திருத்த இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள், அவள் கனடா போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. பெயரைக் கேட்டேன். பைத்தான் என்றால் மலைப்பாம்பாம். ரஸ்ட் என்றால் துருவாம். பாம்பையாவது விரட்டலாம், பாத்திரக்காரன் வீட்டு மருமகள் துருவை வாசப்படி தாண்டிக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பேரை விடுங்க மாமா. இந்தப் பாஷையில எந்தப் பொருளுக்கும் சொந்தக்காரர் ஒருத்தர்தான். மத்தவங்களுக்கு வேணும்னா இரவல் வாங்கிக்கலாம். இரவல்ல இருக்கறப்ப சொந்தக்காரர் அதைத் தூக்கிப் போட முடியாது. வாங்கினவங்களும் கெடுவுக்கு மேல வெச்சுக்க முடியாது. இதுல எது தப்பினாலும் ப்ரோகிராம் ஓடாது."

"ஏம்மா, இது நம்ம கடைப் பலகையில எழுதியிருக்கறதுதானே?"

"அதேதான் மாமா."

அந்த நிமிஷமே நான் துரு கட்சியில் சேர்ந்துவிட்டேன். சாகில் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நம் வீட்டில் உருதுவும் தமிழும் முப்பது வருஷமாக ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன, ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. இந்த ரெண்டு பாஷைகளும் ஒரு சாப்பாட்டு மேஜையில் உட்கார மாட்டேன் என்கின்றன. சாகில் சொன்னபடி ரெண்டு நாளில் எழுதி முடித்தான். ஆனால் அவன் லேப்டாப்பில் ஓடியது கடைக் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, அதற்கு வேறு பதிப்பு வேண்டுமாம், அந்தப் பதிப்புக்கு வேறு ஏதோ வேண்டுமாம், அதைத் தேடியதில் ஒரு வாரம் போனது. ரூபீனாவோ மூன்று வாரம் எழுதினாள், எழுதினாள், திட்டு வாங்கினாள், மறுபடி எழுதினாள். ஓடியபோது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, ஆனால் அதற்குள் சாகில் நாலு தடவை "முடிஞ்சுதா" என்று கேட்டுவிட்டான், நாலாவது தடவை சாம்பாரில் உப்பில்லை. வேடியப்பன் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பீவிம்மா இருந்திருந்தா ரெண்டு பேரையும் உக்கார வெச்சு அண்டா கழுவ விட்டிருப்பாங்க பாய்" என்றான்.  நீ அதைத்தான் செய்திருப்பாய்.

கடைசியில் மூன்று ப்ரோகிராமையும் ஒரு வாரம் ஒன்றாக ஓடவிட்டுப் பார்ப்பது என்று தீர்மானம் ஆனது. அந்த வாரத்தில் புரட்டாசிப் பௌர்ணமியும் வந்தது. காலையில் கடையைத் திறந்து பார்த்தால், பாம்பு பெரிய அண்டா நாற்பது என்கிறது, துரு நாற்பது என்கிறது, உன் ஃபாக்ஸ்ப்ரோ முப்பத்தெட்டு என்கிறது. வேடியப்பன் கையால் தட்டித் தட்டி எண்ணினான். நாற்பது. மத்த நாளில் உன்னுடையதும் நாற்பது என்றுதான் சொல்லும், பௌர்ணமி அன்று மட்டும் ரெண்டு கம்மி.

எனக்கு இது புதுசில்லை. இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிறைந்த நிலவில் கடல் பொங்குகிறது, சில பேருக்குப் புத்தி பேதலிக்கிறது, மிஷினுக்கும் ஏதோ ஆகிறது என்று விட்டுவிட்டேன். நீ எழுதியதில் தப்பிருக்கிறது என்று உன்னிடம் சொல்லவும் மனசு வரவில்லை. அந்த ரெண்டு அண்டா மூலையில் கிடக்கும், சாயங்காலத்துக்குள் எப்படியும் யாராவது ஒருத்தர் அரக்கப் பரக்க வந்து வாங்கிப் போவார், நம் கடைக்கு இறங்கிய அருள், பரக்கத்து, அப்படி என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

ஆனால் இன்ஜினீயர்கள் விடுவார்களா? "பழசுல தேதிக் கோளாறு" என்றான் சாகில். "ஆமா" என்றாள் ரூபீனா. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒரே கருத்துச் சொன்னது அன்றைக்குத்தான், அதுவும் உனக்கு எதிராக. அன்றோடு சமாதானமும் ஆகிவிட்டார்கள். உள்ளே ரஸ்ட், மாதக் கடைசி அறிக்கைக்கு பைத்தான். சம்பந்தி விருந்தில் ரெண்டு பக்கத்தாருக்கும் பிடித்த இனிப்பை வைப்பதுபோல ஒரு ஏற்பாடு. உன் ப்ரோகிராமை நிறுத்திவிட்டார்கள். நான் அந்தக் கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்தேன். டீ நன்றாக இல்லை.

அப்போது இன்னொன்றும் நடந்தது. கூட்டம் எந்தெந்த நாள் என்று புதுசும் காட்டட்டும் என்று, நீ அடித்து வைத்த பௌர்ணமித் தேதிகளை சாகில் அதற்கு மாற்றினான். "அம்மா அடுத்த வருஷம் டிசம்பர் வரைக்கும் போட்டு வெச்சிருக்காங்கப்பா" என்றான் சாதாரணமாக. எனக்குச் சாதாரணமாக இல்லை. வருஷா வருஷம் ஜனவரியில் காலண்டரைப் பிரித்து வைத்து அந்த வருஷத்துத் தேதிகளை மட்டும் அடிக்கிற பழக்கமுள்ள நீ, ஊருக்குப் போகும் முன்னால் அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் ஏன் அடித்தாய்? திரும்பி வர உத்தேசம் இருக்கிற மனுஷி அப்படிச் செய்வாளா? இதை யாரிடமும் கேட்கவில்லை. ஒரு மாதமாக நெஞ்சிலேயே வைத்திருக்கிறேன்.

இனிதான் புகாரின் முக்கியமான பாகம். போன புதன்கிழமை ஐப்பசிப் பௌர்ணமி. புது ப்ரோகிராம் தனியாக ஓடும் முதல் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்கிறவர்கள் காலையிலிருந்தே வரிசை. மதியம் பன்னிரண்டுக்குள் நாற்பது அண்டாவும் போய்விட்டது. திரையில் சைபர். "பார்த்தீங்களாப்பா, ஒண்ணு கூட சும்மா கெடக்கல" என்றான் சாகில். சரியாக மூன்று மணிக்கு கீழ்பென்னாத்தூர் பாஞ்சாலை ரெண்டு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினாள். உனக்கு அவளைத் தெரியும். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்குகிற பெண்கள் கைப்பிடி கைப்பிடியாக அரிசி சேர்த்து, மூட்டை நிறைந்தால்தான் அந்தப் பௌர்ணமிக்கு வருவார்கள். நிறையுமா என்று முன்னால் தெரியாது, அதனால் ஒரு நாளும் சொல்லி வைத்ததில்லை.

"ரெண்டு அண்டா குடுங்க பாய். எலுமிச்சை சாதம் கிளறணும், நேரமாயிடுச்சி" என்றாள்.

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "இருக்குதும்மா, உக்காருங்க" என்று வந்தது. சாகில் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அவளுக்கு டீ சொல்லிவிட்டு, வேடியப்பனைக் கூட்டிக்கொண்டு பின் வாசல் வழியாக வெளியேறினேன். ஊரில் பாத்திரம் இருக்கக்கூடிய இன்னொரு இடம் ஒன்றுதான், நம் போட்டிக் கடை ராமன். கூட்டத்தில் வண்டி போகாது. எதிர் நீச்சல் போட்டு நடந்தே போனோம். ராமன் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வாங்க பாய். ரெண்டா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கல்யாணத்துக்கும் ரெண்டுதானே கேட்டு வந்தீங்க."

ஜாஹிரா, முப்பத்தொரு வருஷம் ஆகியும் அந்த மனுஷன் மறக்கவில்லை. நம் நிக்காஹ் அன்று பௌர்ணமி. வந்தவர்களுக்கெல்லாம் அண்டாவை அள்ளிக் கொடுத்துவிட்டு, நம் பிரியாணிக்கு அண்டா இல்லாமல், மாப்பிள்ளைக் கோலத்தில், கழுத்தில் பூமாலையோடு நானே இவர் கடைக்கு ஓடினேன். உன் அண்ணன் பந்தியில் எழுந்து நின்று "ஊருக்கெல்லாம் அண்டா, மாப்பிள்ளைக்கு இல்லை ஒரு குண்டா" என்று சொல்ல, உங்கள் வீட்டார் அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் முக்காட்டுக்குள் சிரித்தாய். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ராமனின் அண்டாவை ஆளுக்கொன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பினோம். அண்டா தலையில் இருந்தால் பாதத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. கூட்டம் போகிற பக்கம்தான் கால் போகும். கொஞ்ச தூரம் கழித்து "பாய், எங்க போறீங்க?" என்று வேடியப்பன் குரல் எங்கோ பின்னாலிருந்து கேட்டபோதுதான், நான் கடையைத் தாண்டி கிரிவலம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அவன் கூப்பிட்டிருக்காவிட்டால் பதினாலு கிலோமீட்டரும் சுற்றி முடித்திருப்பேன். பாஞ்சாலை அண்டாவைப் பார்த்தாள், அதில் ராமன் பேர் வெட்டியிருப்பதையும் பார்த்தாள். "பத்து வருஷமா வர்றேன், எப்ப வந்தாலும் உங்க கடையிலயே ரெண்டு இருக்குமே பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துப் போனாள்.

அந்தப் பேச்சு ரூபீனாவுக்கு உறைத்துவிட்டது. நேரே போய் நான் போட்ட துண்டை எடுத்தாள், பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டாள், மாவு மில் சத்தத்துக்கு நடுவில் நீ எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மாமி எழுதினதை நாங்க படிக்கவே இல்ல மாமா. பழசைப் படிக்கறதை விட புதுசா எழுதறது சுலபம்னு இவர்தான் சொன்னாரு."

"நீயும்தான் தலையாட்டினே" என்றான் சாகில்.

அவள் அடுத்த வரிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "இங்க பாருங்க" என்றாள். இன்றைக்குப் பௌர்ணமியாக இருந்தால் ரெண்டு கழி என்று ஒரு வரி. அதன் தலைமேல் நட்சத்திரம் போட்டு இன்னும் ரெண்டு வரி. நட்சத்திரம் போட்ட வரியை மிஷின் படிக்காதாம், தாண்டிப் போய்விடுமாம். அது மனுஷர்கள் படிப்பதற்காக எழுதுவதாம். ரூபீனா சத்தமாகவே படித்தாள்.

"ரெண்டு அண்டா ஒதுக்கி வெச்சிருக்கேன். இவருக்கு இல்லைன்னு சொல்ல வராது. கடைசியா வர்றவங்க வெறுங்கையோட போகக் கூடாது. இவரும் ராமன் கடைக்கு ஓடக் கூடாது."

சாகில் தலையைக் குனிந்துகொண்டான். வேடியப்பன் ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தான். நான் கண்ணில் தூசி என்றேன். அரிசி மூட்டை இறக்கிய இடம், தூசி இருக்கத்தானே செய்யும். இருபத்தாறு வருஷம் அந்தத் திரைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன் ஜாஹிரா. எனக்காக நீ எழுதினது நான் பார்க்காத பக்கத்துல இருந்திருக்கு. நான் மிஷின் கோளாறுன்னு நெனச்சேன், பரக்கத்துன்னு நெனச்சேன். பரக்கத்துதான். அதுக்கு ஒரு பேர் இருந்தது, அது எனக்குத் தெரியாமப் போச்சு.

இப்போ புது ப்ரோகிராமிலும் பௌர்ணமிக்கு ரெண்டு கம்மி. பைத்தானில் அந்த வரிக்கு முன்னால் வேறொரு குறி போடணுமாம், ரஸ்ட்டில் ரெண்டு சாய்கோடு போடணுமாம். என்ன குறியாக இருந்தால் என்ன, வரி உன்னோடதை அப்படியே வெச்சுட்டாங்க. ரெண்டு பேரும் ஒரு எழுத்தைக்கூட மாத்தலை. பாஷை சண்டை அதோட முடிஞ்சுது.

ஆனா என் புகார் முடியலை. புது ப்ரோகிராம்ல எல்லாம் இருக்கு. கலர் இருக்கு, தமிழ் எழுத்து இருக்கு, அண்டா படம்கூட இருக்கு. மதியம் மூடறதுக்கு மூலையில ஒரு பெருக்கல் குறி இருக்கு. அதைத் தொட்டா மூடிக்குது. அவ்வளவுதான். யாரும் எதுவும் கேக்கறதில்லை. முதல் நாள் பழக்கத்துல விரலை ஒண்ணு மேல வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். திரை எப்பவோ அணைஞ்சுடுச்சு. ஒரு மாசமா நான் டிபன் பாக்ஸைத் திறந்தேனா இல்லையான்னு கேக்க இந்த ஊர்ல ஆள் இல்லை. ரூபீனாகிட்ட இதைப் போய் எப்படிச் சொல்றது? மூணு வாரம் திட்டு வாங்கி எழுதின பொண்ணு.

ஆகவே, மேலே மறந்துவிடச் சொன்ன கேள்வியை இப்போது கேட்கிறேன். நீ எப்போது வருகிறாய்? அடுத்த மாதம் தீபம். மலைமேல் தீபம் ஏற்றும்போது நம் வீட்டு மொட்டை மாடியில் நாம் ரெண்டு பேரும் நின்று பார்க்காத வருஷம் இதுவரை கிடையாது. குழந்தையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, அவன் சின்னவன், நான் பெரியவன், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். உன் தலையணை உறையை மட்டும் நான் துவைக்கப் போடவில்லை. ரூபீனா ரெண்டு தடவை கேட்டாள், சுத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மெஹ்ஜபீனுக்கும் மாப்பிள்ளைக்கும் என் சலாம். பேரனின் நெற்றிக்கு என் முத்தம், மற்ற பாகங்களை நான் இன்னும் பார்க்கவில்லை. வேடியப்பன் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். ஆண்டவன் உங்கள் அனைவருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும், உனக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் ஊர் ஞாபகத்தையும் கொடுப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள,
ஜானி பாஷா

பின்குறிப்பு: வியாழக்கிழமை, 13ஆம் தேதி. மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்ப வேண்டாம். திங்கட்கிழமை தபால் ஆபீஸ் போகலாம் என்று சட்டைப் பையில் வைத்திருந்தேன். அன்று மதியம் பெருக்கல் குறியைத் தொட்டேன், மூடவில்லை. நடுத் திரையில், தமிழ் எழுத்தில், "சாப்டீங்களா" என்று வந்தது. கீழே ஒன்று, சைபர். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஒன்று தட்டினேன், மூடிக்கொண்டது. செவ்வாயும் ஒன்று. புதனும் ஒன்று. மூன்று நாளும் ரூபீனா ஏதோ வேலையாகக் கடைக்கு வந்து என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்று வேலை ஜாஸ்தி, டிபன் பாக்ஸை நிஜமாகவே திறக்கவில்லை. இவருக்கு இல்லைன்னு சொல்ல வராது என்று நீ எழுதினது நினைவுக்கு வந்தது. ரோஷத்தில் சைபரைத் தட்டினேன். திரையில் வந்ததை இங்கே எழுதுகிறேன்: "அப்ப போய் சாப்பிடுங்க. இருபத்தெட்டாம் தேதி மீனம்பாக்கம் வந்து என்னைக் கூட்டிக்கிட்டு வரணும்னா உடம்புல தெம்பு வேணும்."

ரூபீனா சிரித்தாள். உன் பழைய வரிகளைப் படித்தபோது கண்ணில் பட்ட கேள்வியை, போனில் உன்னிடமே கேட்டுப் போட்டதாகவும், பதிலை நீ சொன்னபடி சைபருக்குப் பின்னால் ஒளித்து வைத்ததாகவும், நானாக இல்லை என்று சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கியதாகவும் சொன்னாள். விசா ஃபாரம் மாப்பிள்ளையின் அம்மாவுக்காம். பௌர்ணமித் தேதியையும் கேட்டேன். சாகில் பார்த்தது முதல் பக்கம் மட்டும்தானாம். அதற்குப் பின்னால் 2040 வரைக்கும் இருக்கிறதாம், கொரோனா சமயத்தில் வீட்டில் சும்மா இருந்தபோது ராமன் வீட்டு நூறு வருஷப் பஞ்சாங்கத்தை இரவல் வாங்கி அடித்தாயாம். அஞ்சு வருஷமாக ஜனவரியில் நீ காலண்டரைப் பிரிக்காததை நான் கவனிக்கவே இல்லை.

ஆகவே புகார் வாபஸ். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, போட்டால் அது அங்கே வரும்போது நீ இங்கே இருப்பாய். மீனம்பாக்கத்தில் கையிலேயே கொடுக்கிறேன், வண்டியில் வரும்போது படித்துக்கொள், ரூபீனா பக்கத்தில் உட்கார்ந்தால் மறைத்துப் படி. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக சைபர் தட்டியிருக்கிறேன் ஜாஹிரா. ஜூன் மாசம் பெட்டியைக் கட்டிவிட்டு "நான் போகட்டுமாங்க" என்று நீ கேட்டப்பவே அதைத் தட்டியிருக்கணும்.